லூக்கா பச்சியோலி

எதனை இடப்பக்கத்தில் எழுதுவது, எதனை வலப்பக்கத்தில் எழுதுவது என்று ஒருமுறையேனும் தடுமாறாத வர்த்தக மாணவரைக் காண்டல் அரிது. இவ்வினாவுக்கு விடைதந்து முதன்முதலில் அச்சேறிய நூலின் ஆசிரியரே லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியப் பெரியார்.

இவர் தஸ்கனிப் பகுதியிலுள்ள சான்செபொல்குரோ என்னும் சிற்றூரில் 1447ஆம் ஆண்டளவில் தோன்றினார். இளமையில் வெனிஸ் நகரஞ் சென்று, அந்தோனியோ ரொம்பியாசி என்னும் வணிகரின் மைந்தர் மூவருக்கு ஆசிரியராக அமர்ந்தார். கீழைத்தேயச் சரக்குகள் அராபிய வணிகர் வாயிலாக வந்து குவிந்த துறைமுகம் அது. ஆங்குக் கணக்கேடுகளின் நுட்பங்களைக் கண்ணாரக் கண்டார். பின்னர் பிரான்சிஸ்கன் சபையில் துறவு பூண்டு, பெருஜியா முதலிய நகரங்களிற் கணிதம் போதித்தார்.

1494ஆம் ஆண்டில் அவரது கணிதப் பெருநூல் வெனிஸில் வெளிவந்தது. கற்றோர் இலத்தீனில் எழுதிய காலத்தில், அவர் மக்கள் வழங்கிய இத்தாலிய மொழியில் எழுதினார். அந்நூலின் ஒரு பகுதி வணிகர் கணக்கைப் பற்றியது. முதலில் இருப்புப் பட்டியல். அதன்பின் குறிப்பேடு, நாளேடு, பேரேடு என மூன்று ஏடுகள். பட்டியலுக்கு அவர் காட்டும் உதாரணங்களில் இஞ்சியும் மிளகும் கறுவாவும் இடம்பெறுதல் நமக்கு மகிழ்வூட்டுவதாகும்.

பேரேட்டின் இடப்பக்கம் கொடுக்கவேண்டியவர்க்கு, வலப்பக்கம் பெறவேண்டியவர்க்கு. இதுவே அம்முறையின் உயிர்நிலை. கல்முனைக் கடைக்காரர் ஒருவர், சம்மாந்துறைப் போடியார் ஒருவரிடம் 50,000 ரூபா நெல்லைக் கடனாக வாங்கினார் எனக் கொள்வோம். நெற்கணக்கின் இடப்பக்கத்தில் 50,000. போடியார் கணக்கின் வலப்பக்கத்தில் 50,000. நாம் வங்கியில் இட்ட பணம் வங்கியின் ஏட்டில் வலப்பக்கம் ஏறுவதும் இக்காரணம் பற்றியே. அங்கே பெறவேண்டியவர் நாம்.

இம்முறையைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. வெனிஸ் வணிகரின் வழக்கத்தையே எழுதுவதாகக் கூறினார். கொத்ருலி என்பார் 1458இலேயே இதுபற்றி எழுதியிருந்தாராயினும், அந்நூல் 1573இலேயே அச்சேறியது. கணிதத்தில் தம் ஊரவரான பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஆக்கங்களைத் தமதாக்கிக் கொண்டார் என்னும் பழி பச்சியோலிக்கு உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

மிலான் அரசவையில் லியனார்டோ டா வின்சி இவரிடம் கணிதம் பயின்றார். 1509இல் வெளிவந்த இவரது மற்றொரு நூலுக்குச் சித்திரங்கள் வரைந்தவரும் அவரே. 1517இல் பச்சியோலி தம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். பெருநூலின் ஐந்நூறாம் ஆண்டாகிய 1994இல் இத்தாலி அவர் நினைவாக 500 லிரா நாணயம் வெளியிட்டது.

இன்று பேரேடு கணினியுட் புகுந்துவிட்டது. சில மென்பொருள்களில் இரு நிரல்கள் உள. சிலவற்றில் ஒரே நிரலும் கழித்தற் குறியுமே உள. இருபுறத் தொகையும் ஒவ்வாதவிடத்து இயந்திரம் பதிவை ஏற்க மறுக்கும். ஆனால், இரு பதிவுகளையும் பக்கம் மாற்றி இட்டால் தொகைகள் ஒத்தே நிற்கும், இயந்திரம் வாய்திறவாது.

நம் மாணவர்க்கு இவ்விடர் பெரிது. இலங்கைப் பாடநூல்களில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழகத்திலோ இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நிந்தவூர்ப்பற்று, கரைவாகுப்பற்று என நிலப்பிரிவையே பற்றென்று அறிந்த நம் பிள்ளைகள், தமிழக நூலையோ தமிழாக்கிய மென்பொருளையோ கையாளுங்கால், வரவென்னும் ஒரு சொல்லாலேயே பக்கம் மாறிவிடுதல் கூடும்.

ஆதலின், சொல்லை மனனஞ் செய்தல் போதாது. கொடுக்கவேண்டியவர் யார், பெறவேண்டியவர் யார் என்று முதலில் வினவுக; அதன்பின் விசையை அழுத்துக. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் அத்துறவி வணிகர் பிள்ளைகளுக்குக் கற்பித்தது இன்று நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.