யார் இந்த லின்னேயஸ் டிரைப்? 1858-லேயே மதுரை, தஞ்சையை போட்டோ எடுத்த கேப்டன்!

மார்கழி பனியில் மேல்சித்தாமூர் சமணக் கோயில் கோபுரத்தை போட்டோ எடுக்கணும்னா இப்போ ஒரு நொடி போதும். பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் 165 வருடங்களுக்கு முன்பு ஒரே ஒரு போட்டோவுக்காக மாட்டு வண்டியில் கேமரா, ரசாயனங்கள் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்படி தமிழ்நாட்டைச் சுற்றியவர்தான் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

கடற்கரை ஊர்க்காரர்

1822-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார் டிரைப். 1839-ல் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுமுறையில் சொந்த ஊருக்குப் போனபோதுதான் கேமரா மீது ஆசை வந்தது. அங்கிருந்த கப்பல்கள், கப்பல் கட்டும் தளம், கடற்கரைக் காட்சிகள்தான் அவர் முதலில் எடுத்த படங்கள்.

1854-ல் இந்தியா திரும்பியதும் பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்தார். அந்தப் படங்களுக்கு 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மா அரசரிடம் சென்ற தூதுக்குழுவில் போட்டோகிராபராகப் போனார். மழை, உடல்நலக் குறைவு எல்லாவற்றையும் தாண்டி 200-க்கும் மேற்பட்ட படங்களுடன் திரும்பினார்.

நாலரை மாதப் பயணம்

1856-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில், குளிர்காலத்தில், பெங்களூரில் இருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்கள் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம் அது. ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என சுமார் நாலரை மாதம் பயணம் நீடித்தது.

அவர் பயன்படுத்தியது பிலிம் இல்லை. மெழுகு பூசிய காகித நெகட்டிவ். கிட்டத்தட்ட ஒரு அடி அகலத்துக்கும் மேல் இருக்கும். படம் பதிய நேரம் பிடிக்கும் என்பதால் நடந்து போகிறவர்கள் பதிவாகவே மாட்டார்கள். அதனால்தான் அவருடைய மதுரைத் தெருக்கள் ஆளே இல்லாத மாதிரி தெரியும். இன்னொரு சிக்கல், வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அதற்காக நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். இப்போ நாம போடுற 'எடிட்'டுக்கு இவரும் ஒரு முன்னோடி!

ஏன் இந்தப் படங்கள் முக்கியம்?

மதுரை திருமலை நாயக்கர் மஹாலை அவர் எடுத்தபோது அது சிதைந்து கிடந்தது. பழுதுபார்க்கும் பணி நடந்தது அதன் பிறகுதான். புதுப்பிக்கும் முன் மஹால் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்கள் நேரடி சாட்சி.

தஞ்சை பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் பெரிய வேலை. அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கோயில் கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ஷ் படித்து, கட்டியவர் ராஜராஜ சோழன் என்று உறுதிசெய்தது 1880-களில்தான். அதாவது, எழுத்தில் என்ன இருக்கிறது என்று ஆய்வுலகம் தெளிவடைவதற்கு முன்பே அது படமாகிவிட்டது.

திடீர் முடிவு

1859-ல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது அரசுக்குத் தேவையில்லாத ஆடம்பரச் செலவு என்று கருதினார். வேலை நிறுத்தப்பட்டது. அதன்பின் டிரைப் கேமராவைத் தொட்டது மிகவும் குறைவு. ராணுவப் பணியைத் தொடர்ந்து, ஓய்வு பெற்று டெவன்போர்ட்டுக்கே திரும்பினார். 1902-ல் அங்கேயே காலமானார்.

அவர் பெயர் பரவலாகப் பேசப்பட நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் அவருக்கென தனிக் கண்காட்சி நடந்தது. வீண் செலவு என்று நிறுத்தப்பட்ட அந்த வேலைதான், 1858-ன் மதுரையையும் தஞ்சையையும் இன்று நம் கண்முன் காட்டுகிறது.