மேரியாக மாறிய சாவித்திரி

பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாக வடபழனிக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள், ஆற்காடு சாலையில் விஜயா ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பார்கள். அந்த வட்டாரத்தில்தான் ஒரு காலத்தில் விஜயா - வாகினி ஸ்டூடியோ இருந்தது.

அந்தப் பட முதலாளிகளின் படத்தில் எழுந்த ஒரு சிறு தகராறு, ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மாற்றியது. அந்தப் பெண்தான் "நடிகையர் திலகம்" சாவித்திரி.

கைநழுவிய வேடம்

ஆந்திராவில் குண்டூர் ஜில்லாவில் உள்ள சிர்ராவூர், சாவித்திரியின் சொந்த ஊர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். நடனம் கற்றார். நாடகங்களில் நடித்தார். பிறகு சினிமாவில் சேரச் சென்னைக்கு வந்தார்.

"சம்சாரம்" (1950) என்ற தெலுங்குப் படத்தில் அவருக்கு நல்ல வேடம் கிடைத்தது. ஆனால் காமிரா முன் நின்றதும் படபடப்பு வந்துவிட்டது. வேடம் கைநழுவியது. சிறு வேடம்தான் மிஞ்சியது.

அந்தப் படத்தின் டைரக்டர் எல்.வி.பிரசாத்.

வங்காளக் கதை

1935-ல் "மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்" என்ற வங்காளப் படம் வந்தது. சிரிப்பும் காதலும் கலந்த கதை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் அதை இனிய பாடல்களுடன் தமிழிலும் தெலுங்கிலும் மறுபடி எடுத்தார்கள். தமிழில் அதன் பெயர் "மிஸ்ஸியம்மா". டைரக்டர், அதே பிரசாத்!

வேலை இல்லாத ஓர் இந்து வாலிபர். வேலை இல்லாத ஒரு கிறிஸ்தவப் பெண். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணவனும் மனைவியுமாக ஆசிரியர்கள் தேவை. இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேருகிறார்கள். சண்டையில் தொடங்கி, காதலில் முடிகிறது கதை.

கதாநாயகி மேரியாக முதலில் நடித்தவர் பானுமதி. சில ரீல்களும் எடுத்துவிட்டார்கள். ஒருநாள் வரலட்சுமி பூஜையை முடித்துவிட்டு அவர் தாமதமாக வந்தார். மன்னிப்புக் கடிதம் கேட்டார் சக்கரபாணி. பானுமதி மறுத்து, படத்திலிருந்து விலகினார்.

இரண்டாவது கதாநாயகியாக இருந்த சாவித்திரிக்கு மேரி வேடம் வந்தது. அவருடைய பழைய வேடம் ஜமுனாவுக்குப் போனது.

முன்பு காமிராவைக் கண்டு பயந்த பெண், இப்போது இரண்டு மொழிகளிலும் நடித்தார். தெலுங்கில் ஜோடி என்.டி.ராமராவ். தமிழில் ஜெமினி கணேசன். ஜெமினி நிஜ வாழ்க்கையிலும் அவருடைய கணவர். மேரியின் கோபமும் சிடுசிடுப்பும், உள்ளே மறைந்திருந்த அன்பும் ரசிகர்களைக் கவர்ந்தன. 1955 பொங்கலுக்கு வந்த படம் பெரிய வெற்றி பெற்றது.

இரண்டு நடிகைகள்

மறு ஆண்டு ஹாலிவுட்டிலும் இப்படி ஒரு படம் வந்தது. 1940-ல் வந்த "பிலடெல்பியா ஸ்டோரி"யைப் பாட்டுகள் சேர்த்து "ஹை சொசைட்டி" என்று எடுத்தார்கள். கதாநாயகி கிரேஸ் கெல்லி, மொனாக்கோ இளவரசரை மணந்து, அந்தப் படத்தோடு சினிமாவை விட்டார்.

சாவித்திரி விடவில்லை. "மாயா பஜார்" (1957), "பாசமலர்" (1961), "நவராத்திரி" (1964) என்று புகழ் வளர்ந்தது. 1968-ல் டைரக்டரும் ஆனார்.

சாய்த்த படம்

1964-ல் தெலுங்கில் தாமே நடித்து வெற்றி கண்ட "மூக மனசுலு" கதையை, "பிராப்தம்" என்று தமிழில் எடுத்தார். தயாரிப்பு, டைரக்ஷன், நடிப்பு மூன்றும் அவரே. சிவாஜி கணேசன் கதாநாயகர். 1971-ல் வந்த அந்தப் படம் தோல்வி அடைந்தது.

மறுபடி எடுத்த ஒரு கதை அவரை உயர்த்தியது. மறுபடி எடுத்த இன்னொரு கதை அவரைச் சாய்த்தது.

சொத்துக்கள் கரைந்தன. குடிப்பழக்கமும் நோயும் வாட்டின. 1980-ல் நினைவிழந்தவர், சுமார் 19 மாதங்கள் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26-ந்தேதி சென்னையில் காலமானார்.

2018-ல் அவருடைய வாழ்க்கையே "நடிகையர் திலகம்" என்ற படமாக வந்தது. இன்றும் "மிஸ்ஸியம்மா" பார்க்கும் வீடுகளில், அந்த வேடத்தை வேறொருவருக்காக எழுதினார்கள் என்று சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.