கர்நாடக இசைக்கு வயலின் வந்தது எப்படி? திருவனந்தபுரம் வந்த தஞ்சாவூர் வடிவேலுவின் கதை

நீங்கள் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பஸ் ஏறி கிழக்கேகோட்டைக்குப் போயிருப்பீர்கள். சுமார் 15 கி.மீ. தூரம்தான். பத்மநாப சுவாமி கோயிலை ஒட்டிக் குதிரை மாளிகை இருக்கிறது. கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள். அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், இல்லையா?

அந்த மாளிகையைக் கட்டிய மகாராஜா சுவாதித் திருநாள். அவரிடம் வேலை பார்க்க, சுமார் 190 வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வடிவேலு. இணையத்தில் தேடிப் பாருங்கள், முதலில் வருபவர் நம் நகைச்சுவை நடிகர்தான். நாம் சொல்லும் வடிவேலுவைப் பிடிக்க, 'தஞ்சை நால்வர்' என்று தேட வேண்டும்.

நால்வர் யார்?

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நட்டுவனார் குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள். கடைக்குட்டி வடிவேலு பிறந்தது 1810-ல். நான்கு பேருக்கும் குரு முத்துசுவாமி தீட்சிதர். இன்று பரதநாட்டிய அரங்கேற்றம் அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய் தில்லானாவில் முடிகிறதே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள்தான்.

தஞ்சை அரண்மனையோடு மனக்கசப்பு வந்ததால் ஊரை விட்டுக் கிளம்பினார்கள் என்கிறது மரபு. 1830-களில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார்கள். பிறகு சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சாவூருக்கே திரும்பிவிட்டார்கள். வடிவேலு மட்டும் தங்கிவிட்டார்.

வயலினை யார் கற்றுக் கொடுத்தது?

இங்கேதான் தேதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ்தான் வடிவேலுவுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஷ்வார்ட்ஸ் இறந்தது 1798-ல். வடிவேலு பிறந்ததே அதற்கு 12 வருஷம் கழித்து. ஆகவே அந்தக் கதை தேறாது.

வேறு வழி இருந்தது. குரு தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் கற்றவர். சரபோஜி மன்னரிடம் மேற்கத்திய பேண்ட் இருந்தது. அதே அரசவையின் வராகப்பையர் வயலினோடு பியானோவும் வாசித்தார் என்பார்கள். குருவின் வீட்டிலும் ராஜாவின் வீட்டிலும் வயலின் இருக்கும்போது, கற்றுக்கொள்ள ஒரு பாதிரியார்தான் வர வேண்டுமா என்ன? இது என்னுடைய ஊகம்தான், ஆனால் தேதிகளோடு ஒத்துப்போகிறது.

பியானோ ஏன் தங்கவில்லை?

காரணம் கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், ஒரே சுரத்தை அசைப்பதும் நம் ராகத்தின் உயிர். பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் நின்றுவிடும். இதே குறையைச் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்கே தடை போட்டது. வயலினில் மெட்டுகள் கிடையாது. விரல் போகிற இடமெல்லாம் சுரம். நம்மவர்கள் அதைத் தோளிலிருந்து இறக்கி, சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். தந்திகளின் சுருதியையும் ச-ப-ச-ப என்று மாற்றிவிட்டார்கள்.

1834-ல் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அப்போது ராஜாவுக்கு 21 வயது, வித்வானுக்கு 24. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பதற்கு ஒரு அரசவை கொடுத்த அங்கீகாரம் அது. ராஜாவின் கீர்த்தனைகளும் வர்ணங்களும் உருவான காலத்தில் வடிவேலு பக்கத்திலேயே இருந்தார். மோகினியாட்டத்தைச் சீரமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இன்னொரு கதையும் உண்டு. தியாகராஜரை எப்படியாவது திருவனந்தபுரத்துக்கு அழைத்து வரச் சொல்லி ராஜா வடிவேலுவைத் திருவையாறுக்கு அனுப்பினாராம். வடிவேலுவின் வாசிப்பில் தியாகராஜர் மயங்கினார், ஆனால் ஊரை விட்டு வர மறுத்து, ராஜாவை வைகுண்டத்தில் சந்திப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார் என்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, தேதிகளைக் கவனியுங்கள். சுவாதித் திருநாள் மறைந்தது 1846 டிசம்பர் கடைசி வாரத்தில். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. கதை இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்தக் குறுகிய இடைவெளியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ராஜாவின் கடைசி வருஷங்கள் நிம்மதியானவை இல்லை. 1840-ல் வந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் கல்லனோடு ஓயாத உரசல். 33 வயதில் போய்ச் சேர்ந்தார். வடிவேலு இறந்த வருஷத்தை 1845 என்றும் 1847 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் அவர் 40-ஐத் தொடவில்லை.

ராஜாவின் பிறந்த தேதி முதல் இறந்த தேதி வரை எல்லாமே பதிவில் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து வாசித்தவருக்கு வருஷமே உறுதியாக இல்லை. நட்டுவனார்களின் வாழ்க்கையை அந்தக் காலத்தில் யார் குறித்து வைத்தார்கள்? எஞ்சியிருப்பது அவர்கள் சொல்லிக் கொடுத்த பாடமும் குடும்பமும்தான். அந்த வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் 1930-களில் ருக்மிணி தேவி நாட்டியம் கற்றார்.

தந்த வயலின் திருவனந்தபுரத்தில் இல்லை. அதைத் தஞ்சாவூரில் நால்வரின் வாரிசுகள் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.