கிருமிக்கு விளக்கேற்றிய டாக்டர் கூன்ஸ்

வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் நாய் செத்துப் போனால், அதன் மூளையைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். மூளைத் துணுக்கின்மீது ஒருவகை மருந்தை இட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பச்சைநிறப் புள்ளிகள் ஒளிர்ந்தால் வெறிநோய் உறுதி. (முடிவு வரட்டும் என்று கடிபட்டவர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது வேறு விஷயம்.) 1958ல் வந்த இந்தச் சோதனைக்கு மூலகர்த்தா அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் கூன்ஸ்.

1912ல் நியூயார்க் மாநிலத்தில், கையுறைத் தொழிலுக்குப் பேர்போன கிளவர்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். 1937ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தொண்டைப்புண்ணுக்குப் பின் வந்து இருதயத்தைக் கெடுக்கும் ருமாட்டிக் ஜுரம் அவரை உறுத்தியது. இருதயத்தில் காணும் சிறு முடிச்சுகளில் தொண்டைக் கிருமியின் பொருள் இருக்கிறதா? ஊகித்தவர் உண்டு, கண்டவர் இல்லை.

1939 கோடையில், யுத்தம் மூளவிருந்த சமயம், பெர்லின் சென்றிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கிருமி புகுந்தால் உடம்பு ஆன்டிபாடி என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. அது தனக்குரிய பொருளைத்தான் பற்றும், வேறெதையும் தொடாது. பார்சலில் லேபிள் ஒட்டுவது போல அதில் ஒரு நிறத்தை ஒட்டிவிட்டால், அது போய்ச் சேருமிடம் தெரிந்துவிடுமல்லவா?

சொல்வது சுலபம். சாதாரணச் சாயம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆகவே புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் சாயத்தை நாடினார். ரசாயன அறிஞர்கள் கிரீச், ஜோன்ஸ் ஆகியோர் கைகொடுத்தனர். 1941ல் நிமோனியாக் கிருமி நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் உடல் திசுக்களும் இயல்பாகவே நீலமாக ஒளிர்பவை. கிருமி எது, திசு எது என்று பிரித்தறிய முடியவில்லை! பச்சையாக ஒளிரும் புளோரசினுக்கு மாறியதும், 1942ல் எலியின் திசுவுக்குள்ளேயே கிருமியின் பொருள் பளிச்சிட்டது.

அதோடு ராணுவ சேவை குறுக்கிட்டது. 1946ல் திரும்பி, விட்ட இடத்தில் தொடங்கினார். 1950ல் கேப்ளனுடன் சேர்ந்து முறையைச் செம்மைப்படுத்தினார். இருந்தும், சாயம் தயாரிக்கப் பாஸ்ஜீன் என்ற விஷவாயு தேவைப்பட்டதால் பலர் கிட்டே வரவே அஞ்சினர். வேறு விஞ்ஞானிகள் 1958ல் அபாயம் குறைந்த சாயத்தைக் கண்டபின்தான் இது உலகெங்கும் பரவியது.

1959ல் லாஸ்கர் விருது பெற்றார். நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை, கிடைத்திருக்க வேண்டியதே. 1978 செப்டம்பர் 30ல், 66ஆம் வயதில் காலமானார்.