மெலிந்துபோகும் கோடு: மினாரும் எங்கள் ஒழுங்கையும்

2008இன் இறுதியில் கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையிலிருந்து 61 பேர் புறப்பட்டோம். எல்லோருடைய பெயரையும் பெரியம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். வரைபடங்கள் செய்வது என் தொழில். அந்தக் கொப்பியை வைத்து ஓர் அசையும் வரைபடம் செய்தேன். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று புள்ளிகள் நகரும். ஒருவர் இறந்த இடத்தில் அவருடைய புள்ளி மறையும். எல்லாம் 40 செக்கனில் முடிந்துவிடும்.

பெரியம்மா கைத்தொலைபேசியில் இரண்டு தரம் பார்த்தார். பிறகு, விசுவமடுவில் செத்த தன் தம்பியின் புள்ளி இப்போது எங்கே என்று கேட்டார். கடைசிக் காட்சியில் உயிரோடு வந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு யாருமே குறையாதது போலத் தெரியும். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு, படிக்கும் காலத்தில் பாடமாகப் பார்த்த ஒரு பழைய படத்தை மறுபடியும் எடுத்தேன். அதை வரைந்தவர் சார்ள்ஸ் ஜோசப் மினார்.

மினார் 1781இல் பிரான்சின் டிஜோன் நகரில் பிறந்தார். பொறியியலாளராகி, கால்வாய்களிலும் துறைமுகங்களிலும் வேலை செய்தார். 1813இல் அவரை அன்ட்வேர்ப் துறைமுக நகருக்கு அனுப்பினார்கள். நெப்போலியனின் ஆட்சி சரிந்துகொண்டிருந்த காலம் அது. முற்றுகைக்குள் அகப்பட்ட அந்த நகரத்தில் யுத்தம் என்றால் என்னவென்பதை மினார் நேரில் கண்டார்.

வரைபடம் அவருக்குப் பின்னாளில் வந்த வேலை. ரயில் பாதைகள் போடத் தொடங்கியபோது, எந்த வழியில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. மினார் வீதிகளின் மேல் பட்டைகளை வரைந்தார். பயணிகள் கூடிய இடத்தில் பட்டை அகலம், குறைந்த இடத்தில் ஒடுக்கம். இலக்கம் வாசிக்கத் தேவையில்லை, கண்ணே அளந்துவிடும். 1851இல் 70 வயதில் ஓய்வுபெற்ற பிறகுதான் அவர் அதிகம் வரைந்தார். நிலக்கரி, பருத்தி, நாடு விட்டு நாடு போன மக்கள் எனப் பலவும் அவருடைய பட்டைகளாகின.

1869 நவம்பரில், 88ஆவது வயதில், நெப்போலியன் 1812இல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோன படையை அவர் வரைந்தார். படத்தின் தலைப்பில் நெப்போலியனின் பெயர் இல்லை. படை படிப்படியாக இழந்த மனிதர்கள் என்பதே தலைப்பு. நியேமன் ஆற்றங்கரையில் பட்டை 422,000 பேரின் அகலத்தில் தொடங்குகிறது. 10,000 பேருக்கு ஒரு மில்லிமீற்றர். மொஸ்கோவை அடையும்போது அது 100,000 பேராக ஒடுங்கிவிடுகிறது. திரும்பும் வழி கறுப்பு. பெரசினா ஆற்றைக் கடக்கையில் 50,000 பேர் 28,000 ஆகிறார்கள். புறப்பட்ட கரைக்குத் திரும்பி வந்தவர்கள் 10,000 பேர். கறுப்புப் பட்டையின் கீழே குளிரின் அளவு ஒரு கோடாக ஓடுகிறது. ஆனால், வழியில் பிரிந்துபோன படைப்பிரிவுகளைக் கழித்துப் பார்த்தாலும், கடுங்குளிர் வருவதற்கு முன்பே பெருந்தொகையானோர் இல்லாமற் போனதைப் பட்டை காட்டிக்கொடுக்கிறது. பழியைப் பனியின் மேல் மட்டும் போட முடியாது.

இலக்கங்களை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் மினார் படத்திலேயே எழுதினார். வரலாற்றாசிரியர்களின் பெயர்களோடு, படையில் மருந்தாளராக இருந்த ஒருவரின் அச்சேறாத நாட்குறிப்பும் அதில் உண்டு. அதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது.

படம் வெளியாகி ஓராண்டு ஆகுமுன்னே யுத்தம் அவருடைய வாசலுக்கே வந்தது. பிரஷ்யப் படை பாரிசை நெருங்கியது. 1870 செப்டெம்பர் 11ஆம் திகதி, 89 வயதில், புத்தகங்களையும் தாள்களையும் விட்டுவிட்டு மினார் குடும்பத்தோடு போர்தோ நகருக்கு இடம்பெயர்ந்தார். கொஞ்ச வேலையை மட்டும் கையில் எடுத்துப் போனார். ஆறு கிழமைகளில் காய்ச்சல் கண்டு, ஒக்டோபர் 24ஆம் திகதி அங்கேயே இறந்தார். இடம்பெயர்ந்தோரின் பட்டையில் அவரும் ஒருவரானார்.

மினாரின் படம் அசைவதில்லை. அதனாலேயே புறப்பட்ட அகலமும் திரும்பிய அகலமும் ஒரே பார்வையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. என் படத்தில் ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியை அழித்துவிட்டது. அசைவு கூடாது என்பதல்ல. அசைவு முடிந்த பிறகு திரையில் என்ன மிஞ்சுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

படத்தை மறுபடி செய்தேன். புள்ளிகள் இப்போது 61 இழைகள். நகர நகர இழை நீளும். ஒருவர் இறந்த இடத்தில் அவருடைய இழை நிற்கும், அழியாது. கடைசியில் முழு வழியும் திரையில் இருக்கும். அதன்பின் அசைவு இல்லை. பார்ப்பவர் விரும்பி ஓர் இழையைத் தொட்டால் பெயரும் இடமும் வரும். கீழே பெரியம்மாவின் கொப்பி என்று எழுதினேன். வன்னியில் இருந்த எல்லோருக்குமாக இப்படி ஒன்றை வரைய ஆசை உண்டு. ஆனால், எல்லோரும் ஏற்கும் கணக்கு எங்களிடம் இன்னும் இல்லை. ஊகித்து அகலம் போட மாட்டேன். ஒழுங்கை ஒழுங்கையாக யாராவது எழுதி வைத்தால் இழைகளைச் சேர்க்கலாம்.

பெரியம்மா விசுவமடுவில் நின்றுபோன அந்த இழையை விரலால் தொட்டார். தம்பியின் பெயர் வந்தது. பிறகு கொப்பியை எடுத்து, பின் ஒழுங்கைக்காரரின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.