சந்திரசேகர் பெயரில் பறக்கும் தொலைநோக்கி நடுங்காமல் இருப்பது எப்படி?

1930-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. லாகூரில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பையன். கப்பலில் சும்மா இருக்காமல் போட்ட கணக்கில் ஒரு விஷயம் பிடிபட்டது. எரிந்து முடிந்த நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்க ஒரு எடை வரம்பு உண்டு. பின்னாளில் அது சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று உறுதியானது. அதைத் தாண்டினால் மேலும் சுருங்கியே தீரும்.

1935-ல் லண்டனில் இதைச் சொன்னார். அன்றைய ஜாம்பவான் ஆர்தர் எடிங்டன் அதே கூட்டத்தில் கேலி செய்து ஒதுக்கினார். 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகம் போனவர், கடைசிவரை அங்கேதான். நோபல் வந்தது 1983-ல். 1995 ஆகஸ்ட் 21-ல் காலமானார்.

நாசா தன் எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று பெயர் வைத்தது 1998-ல். மறுவருடம் ஜூலை 23-ல் ஏவினார்கள். அதன் பார்வை எவ்வளவு கூர்மை? காரைக்குடிப் பக்கம் வலையபட்டியில் நின்றுகொண்டு, 20 கிலோமீட்டர் தள்ளி, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் எரியும் இரண்டு விளக்குகளைத் தனித்தனியாகப் பார்ப்பது மாதிரி.

இப்படிப் பார்க்கும்போது கண் துளியும் ஆடக் கூடாது. ஆனால் ஆட்டும் பொருள் உள்ளேயே இருக்கிறது! விண்கலத்தைத் திருப்புவது ரியாக்‌ஷன் வீல் என்ற சுழல் சக்கரம். அது ஒரு பக்கம் வேகம் எடுத்தால், கலம் எதிர்ப்பக்கம் திரும்பும். எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் சக்கரத்தில் கொஞ்சம் எடை ஏற்றத்தாழ்வு இருக்கும், பேரிங்கிலும் குறை இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஏற்றத்தாழ்வு தரும் உதறல் நாலு மடங்கு. வீல் பேலன்ஸ் பார்க்காத காரில் வேகம் ஏறினால் ஸ்டீயரிங் நடுங்குமே, அதே கதைதான்.

சந்திராவில் இப்படி 6 சக்கரங்கள். அவற்றைக் கலத்தோடு நேரடியாக முடுக்காமல், ஸ்பிரிங் தாங்கிகள் மேல் உட்கார வைத்தார்கள். மெதுவான திருப்பு விசை ஸ்பிரிங் வழியே கலத்துக்குப் போய்விடும். வேகமான அதிர்வு மட்டும் அங்கேயே அடங்கிவிடும். மெதுவான ஆட்டத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஒவ்வொரு ஒளித்துகளும் வந்த நேரம் பதிவாகிறது. வழிகாட்டி நட்சத்திரங்களைப் பார்க்கும் கேமரா, கலம் எந்தப் பக்கம் அசைந்தது என்று சொல்லிவிடும். பூமியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வேகமான நடுக்கம் இந்தக் கணக்கில் சிக்காது. படம் கலங்கினால் கலங்கியதுதான்.

1999 ஆகஸ்டில் வெளியான முதல் படம், காசியோப்பியா ஏ என்ற வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம். அதன் நடுவே, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு குட்டிப் புள்ளி. நியூட்ரான் நட்சத்திரம் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, எடிங்டன் ஒதுக்கிய அந்த வரம்பைத் தாண்டிச் சுருங்கிய பொருள். சந்திரசேகர் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.