காலி இடம் விட்ட மேதை: திமித்ரி மெண்டலீவ்



நான்காம் படிவத்தில் வேதியியல் எடுத்தவர்கள் அந்தப் பெரிய அட்டவணையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆய்வுக்கூடச் சுவரில் கட்டம் கட்டமாக, கலர் கலராகத் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்த உடனே பாதிப் பேருக்குத் தலை சுற்றும். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா என்று தோன்றும். தன் மாணவர்களுக்குப் பாடநூல் எழுத உட்கார்ந்த ஓர் ஆசிரியரின் மேசையில்தான் அது பிறந்தது. அவர் பெயர் திமித்ரி மெண்டலீவ்.

1834ஆம் ஆண்டு, ரஷ்யாவின் சைபீரியாவில் உள்ள தொபோல்ஸ்க் என்ற ஊரில், பெரிய குடும்பம் ஒன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் கண் பார்வை போனது. வேலையும் போனது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அம்மா மரியா. உறவினருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை எடுத்து நடத்தினார். 1847இல் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டே தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு உட்கார்ந்து அழுதிருப்பார்கள்.

அந்தத் தாய் அப்படிச் செய்யவில்லை. கடைசி மகனை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். அந்தப் பாதையில் ரயில் கிடையாது. 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து 1849இல் மாஸ்கோ வந்து சேர்ந்தார்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார்கள். அப்பா படித்த அதே ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் 1850இல் இடம் கிடைத்தது. மகனைச் சேர்த்துவிட்ட சில வாரங்களிலேயே அம்மா கண்ணை மூடினார். பல ஆண்டுகள் கழித்து, 1887இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நூலை மெண்டலீவ் அந்தத் தாய்க்குத்தான் காணிக்கையாக்கினார்.

படித்து முடித்து ஆசிரியரானார். ஜெர்மனியில் ஆய்வு செய்தார். 1867இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாணவர்களுக்குக் கொடுக்க நல்ல பாடநூல் இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் பிரச்சினை வந்தது. எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது?

இங்கே கொஞ்சம் நின்று, அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு தங்கக் கம்பியை வெட்டிக்கொண்டே போகிறோம் என்று வையுங்கள். தங்கம் என்று சொல்லத்தக்க மிகச் சிறிய துகள்தான் தங்க அணு. ஒரே வகை அணுக்களால் மட்டுமே ஆன பொருள் தனிமம். தங்கம், இரும்பு, ஆக்சிஜன் எல்லாம் தனிமங்கள். தண்ணீர் தனிமம் இல்லை. அதில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என இரண்டு தனிமங்கள் சேர்ந்திருக்கின்றன.

மெண்டலீவ் காலத்தில் 63 தனிமங்கள் தெரிந்திருந்தன. ஒவ்வொன்றின் அணு எடையும் ஓரளவு கணக்கிடப்பட்டிருந்தது. அவர் அவற்றை எடை வரிசையில் அடுக்கிப் பார்த்தார். ஒரு வேடிக்கை தெரிந்தது. லித்தியத்தின் எடை 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. மூன்றும் மென்மையான உலோகங்கள், மூன்றும் தண்ணீர் பட்டால் வினைபுரிபவை. எடை ஏற ஏற, அதே குணம் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுச் சுவரில் உள்ள நாள்காட்டியைப் பாருங்கள். தேதி ஏறிக்கொண்டே போகும், ஆனால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தனிம அட்டவணையும் அந்த மாதிரிதான். ஒரே குணம் உள்ளவை ஒரே வரிசையில் நிற்கும்.

இப்படி அடுக்க முயன்றவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. வேறு சிலரும் முயன்றார்கள். மெண்டலீவை உயர்த்தியது அவர் எழுதாமல் விட்ட இடம்.

துத்தநாகத்தின் எடை 65. அன்று தெரிந்த அடுத்த தனிமம் ஆர்செனிக், எடை 75. எடையை மட்டும் பார்த்து அடுக்கினால் ஆர்செனிக் அலுமினியத்தின் கீழே வந்து உட்காரும். ஆனால் அதன் குணமோ பாஸ்பரஸோடு ஒத்துப்போகிறது. என்ன செய்வது? ஆர்செனிக்கைப் பாஸ்பரஸின் கீழேயே வைத்தார். நடுவில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டார். அங்கே இருக்க வேண்டியவை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான் என்றார்.

1869 மார்ச்சில் இந்த அட்டவணை ரஷ்ய வேதியியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. 1871இல் இன்னும் ஒரு படி மேலே போய், காலி இடங்களில் மூன்றுக்குப் பெயரும் வைத்து, அவற்றின் எடை, அடர்த்தி, குணம் எல்லாவற்றையும் எழுதினார். அந்தப் பெயர்கள் நமக்குப் புதிது இல்லை: ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். ஏகாதசி, ஏகாந்தம் என்று நாம் சொல்கிறோமே, அதே சமஸ்கிருத ஏகம்தான். அலுமினியத்துக்கு ஓரிடம் தள்ளிக் கீழே நிற்பது ஏக அலுமினியம்.

பலர் நம்பவில்லை. யாருமே பார்க்காத பொருளுக்கு எடை சொல்கிறாரே என்று தோன்றியிருக்கும். 1875இல் பிரான்சில் லெகாக் த புவாபோத்ரான் என்ற அறிஞர் ஒரு புதிய தனிமத்தைக் கண்டுபிடித்து, காலியம் என்று பெயர் வைத்தார். அடர்த்தியை அளந்தார், 4.7 வந்தது. அது தான் சொன்ன ஏக அலுமினியம்தான் என்றும், அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும் என்றும் மெண்டலீவ் தெரிவித்தார். அந்தப் பொருளை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! புவாபோத்ரான் மேலும் தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தார். 5.9 வந்தது. நம் ஊர் மதிய வெயிலில் காலியம் தானாகவே உருகிவிடும், ஏனென்றால் அதன் உருகுநிலை 30 டிகிரி செல்சியஸுக்கும் சற்றுக் கீழே.

1879இல் சுவீடனில் ஸ்காண்டியம் கிடைத்தது. அதுதான் ஏக போரான். 1886இல் ஜெர்மனியில் ஜெர்மேனியம் கிடைத்தது. அதுதான் ஏக சிலிக்கான். அதன் எடை 72 என்று மெண்டலீவ் கணித்திருந்தார். இன்று நாம் அறிந்த எடை 72.6. அதன்பின் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்துவிடவில்லை. சில கணிப்புகள் பொய்த்துப்போயின. அயோடினைவிட எடை அதிகமான டெல்லூரியத்தை அதற்கு முன்னால் வைத்துவிட்டு, எடையை அளந்ததில்தான் தவறு என்று நினைத்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, அணு எண் என்று 1913இல் மோஸ்லி என்ற இளம் ஆங்கிலேய அறிஞர் காட்டினார். காரணம் தெரியாமலேயே மெண்டலீவ் சரியான இடத்தில் வைத்திருந்தார்.

அவர் ஆய்வுக்கூடத்தோடு நின்ற மனிதரும் இல்லை. 1890இல் மாணவர்களின் கோரிக்கை மனுவை அமைச்சரிடம் கொண்டுபோனார். அரசு அதை ஏற்கவில்லை. பல்கலைக்கழக வேலையையே விட்டு விலகினார். 1906இல் நோபல் பரிசுக் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தும் பரிசு வேறொருவருக்குப் போனது. 1907 பிப்ரவரியில் காலமானார். 1955இல் உருவாக்கப்பட்ட 101ஆவது தனிமத்துக்கு மெண்டலீவியம் என்று பெயர் வைத்தார்கள். நோபல் பரிசு வாங்கியவர்கள் பல பேர், அட்டவணையிலேயே இடம் பிடித்தவர்கள் சில பேர்தான்.

இன்று அட்டவணையில் 118 தனிமங்கள். அவர் விட்டுப்போன கட்டங்கள் நிரம்பிவிட்டன. தம்பி, தங்கைகளே, தேர்வுத் தாளில் ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் நமக்கு வெட்கம் வருகிறது. வகுப்பில் கை தூக்கிக் கேட்கவும் கூச்சம். எதையாவது எழுதி இடத்தை நிரப்பிவிடுகிறோம். மெண்டலீவ் நிரப்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட்டார். ஆனால் சும்மா விடவில்லை. சுற்றி உள்ளதை நன்றாகப் படித்து, அந்தக் காலி இடத்தில் என்ன வர வேண்டும் என்று கணக்குப் போட்டார். உங்கள் படிப்பில் எந்தக் கட்டம் காலி என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலேயும் கீழேயும் பக்கத்திலும் உள்ளதைப் படியுங்கள். நிரப்ப வழி தெரியும்.